எந்த வரியில் எழுதியிருக்கிறது?

வக்கீல் தொழிலில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்கிறவர்கள் குறைவு. அப்படிச் சொல்கிற ஒன்றிரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: "அந்த அம்மா பத்திரத்தில் என்ன எழுதியிருக்கோ அதை மட்டும்தான் படிப்பாங்க." கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷத்தில் எனக்குச் சுத்தமாக வராத வித்தை அது ஒன்றுதான். வரிகளுக்கு நடுவே படிப்பேன், வரிகளுக்குப் பின்னால் படிப்பேன், தாளைத் திருப்பிப் போட்டுக்கூடப் படிப்பேன். வரியை மட்டும் படிக்கத் தெரியாது.

இதற்கு நான் பொறுப்பில்லை. வளர்ந்த வீடு அப்படி.

கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் எங்கள் வீடு. அப்பா பம்ப்செட்டுக்கு உதிரி பாகங்கள் செய்கிற சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். அந்த வீட்டில் யாருக்கும் எதற்கும் 'முடியாது' என்று சொல்லும் வழக்கமில்லை. வாயைத் திறந்து ஒருத்தரை மறுப்பது மரியாதைக் குறைவு. அதைவிடக் கைநீட்டி அடித்துவிடலாம் என்பது அப்பாவின் கட்சி. ஆனால் மறுக்காமல் குடும்பம் நடத்த முடியுமா? அதற்கு எங்களிடம் சாப்பாடு இருந்தது.

பட்டறையில் பையனுக்கு வேலை கேட்டு ஒரு உறவுக்காரர் வருவார். அப்பா முழுதாகக் கேட்டுவிட்டு, "அதுக்கென்னங்க, செஞ்சுபோடலாமுங்க" என்பார். இது எல்லாருக்கும் சொல்வது, இதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அடுத்து அடுப்படியிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். வெறும் காபி வந்தால் வேலை அநேகமாகக் கிடைத்துவிடும். காபியோடு முறுக்கு வந்தால் சந்தேகம். "இருந்து சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்" என்று இலை போட்டுவிட்டால் கதை முடிந்தது. வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும், இடியாப்பம் மாதிரியான சந்தகையும், தேங்காய்ப்பாலும் பரிமாறப்படும்போது, வந்தவர்களின் முகம் வாடிப் போவதை நானே கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு மனிதர் தனக்காக வாழையிலை கழுவுகிற சத்தம் கேட்டதுமே, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று எழுந்து செருப்பைத் தேடினார். பாவம், அவரையும் விடாமல் உட்கார வைத்துச் சாப்பிடப் போட்டோம்.

ஆகவே, ஒருவர் என்ன சொல்கிறார் என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வேறு எல்லாவற்றையும் கவனித்து வளர்ந்த பெண் நான். அதில் எனக்கு நல்ல கர்வமும் இருந்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெங்களூரில் பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்து வருஷம் சட்டம் படிக்கலாம், அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு என்று பள்ளியில் ஒரு டீச்சர் சொன்னார். அதைக் கேட்ட நிமிஷமே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஏன் சட்டம் என்று கேட்டால் அன்றைக்கு என்னிடம் பதில் கிடையாது. வாயைத் திறந்து பேசுவதற்குச் சம்பளம் தருகிற தொழில் ஒன்று இருக்கிறது என்பதே எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பெரிய செய்தி.

அப்பாவிடம் கேட்டேன். முழுதாகக் கேட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் ஏற்றிக் காந்திபுரத்தில் ஒரு ஏ.சி. ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார். நெய் ரோஸ்ட் வந்தது. அதற்குப் பிறகு உயரமான கண்ணாடி டம்ளரில், மேலே செர்ரிப் பழம் வைத்து, அடுக்கடுக்காக ஐஸ்கிரீம் வந்தது. "எழுதிப் பாரு கண்ணு, அதுக்கென்ன" என்றார் அப்பா. எனக்குப் புரிந்துவிட்டது. செர்ரிப் பழம் வரைக்கும் போய்விட்டார் என்றால் இனி மேல்முறையீடே கிடையாது. அழுதுகொண்டே முழு டம்ளரையும் தின்றேன். மேங்கோ அடுக்கு நன்றாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் என் தோழியிடம் சொன்னேன். அவள் போத்தனூர்க்காரி. அவளுடைய அப்பா ரயில்வே கார்டு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவளும் அதே தேர்வை எழுதுவதாக இருந்தாள்.

"உங்க அப்பா என்ன சொன்னாங்க?"

"எழுதிப் பாருன்னு சொன்னாரு."

"அப்புறம் ஏன் அழற?"

"ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துட்டாரு."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளுக்கு எங்கள் வீட்டு வழக்கத்தை விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "வேண்டாம்னு அவர் வாய்ல வந்துச்சா, வரலையா?" என்றாள். வரவில்லை என்றேன். "அப்ப எழுது" என்றாள். எனக்கு இது பெரிய அயோக்கியத்தனமாகப் பட்டது. ஆனாலும் பிடித்திருந்தது. அப்பாவின் வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு, மறுநாள் அவரிடமே விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். கையெழுத்துப் போடும்போது அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. ஐஸ்கிரீம் தின்ற பெண்தானா இது என்கிற பார்வை.

காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த டுடோரியலில் சேர்ந்தோம். அங்கே பாங்குப் பரீட்சைக்குத்தான் பயிற்சி. சட்டத்துக்கு என்று வந்த முதல் ஆட்கள் நாங்கள். அந்த மாஸ்டருக்கு வேகம் ஒன்றுதான் தெய்வம். "கண்ணு ஓடோணும், உதடு ஓடக்கூடாது" என்பார். உதடு அசையாமல் இருக்க எல்லாரும் பென்சிலைக் குறுக்கே கடித்துக்கொண்டு படிக்க வேண்டும். கீழே துணி எடுக்க வந்து, பாத்ரூம் தேடி மாடியேறிய ஒரு அம்மா, அறை முழுக்கப் பென்சில் கவ்விய ஆட்களைப் பார்த்துவிட்டு, தேடி வந்ததையே மறந்து இறங்கிப் போனார். என் வேகம் உண்மையிலேயே கூடியது. முன்பெல்லாம் மெதுவாகத் தப்பு செய்தவள், இப்போது மற்றவர்களுக்கு முன்னால் தப்பு செய்து முடித்துவிட்டு ஜன்னல் வழியாக டவுன் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கும் பொது அறிவும் சமாளித்துவிடலாம். ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பதில் சொல்கிற பகுதியில்தான் விழுந்தேன். ஆங்கிலம் புரியாமல் இல்லை. அதுதான் வேடிக்கை. ஒரு வார்த்தை விடாமல் புரியும். புரிந்த பிறகு என் வேலையை ஆரம்பிப்பேன்.

தேனீக்களைப் பற்றி ஒரு பத்தி. 'தேனீக்களுக்கு நிறம் தெரியும் என்று சிலர் கருதுகிறார்கள்' என்று எழுதியிருந்தது. ஆசிரியரின் கருத்து என்ன என்பது கேள்வி. ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை என்பது சரியான பதில். நான் அப்படி ஏமாறுவேனா? எங்கள் சொந்தத்தில், "நாலு பேரு ஒரு மாதிரி பேசறாங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால் அந்த நாலு பேரும் அவரேதான். ஆகவே ஆசிரியருக்குத்தான் அந்தக் கருத்து, சொல்லக் கூச்சப்படுகிறார் என்று குறித்தேன்.

இன்னொரு பத்தியில் ஒரு நகரசபை, பாலம் கட்டும் திட்டத்தோடு வந்த இன்ஜினியருக்குப் பெரிய விருந்து வைத்தது. திட்டத்தை வெகுவாகப் பாராட்டியது. திட்டம் என்ன ஆயிற்று என்று கேள்வி. 'நிராகரிக்கப்பட்டது' என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். அந்த இன்ஜினியரை நினைத்து எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. விருந்தைப் பார்த்தபோதே அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும்.

தோழி என் விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதே பத்தியின் கடைசி வரியில், 'அடுத்த ஆண்டு பாலம் திறக்கப்பட்டது' என்று இருந்தது. அந்த வரியை நானும் படித்திருந்தேன். வேறு பாலமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் போத்தனூரில் அவர்களுடைய ரயில்வே குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து பயிற்சி செய்தோம். அவள் கண்டுபிடித்த முறை ரொம்பச் சுலபம். நான் ஒரு விடை சொன்னால் அது பத்தியில் எந்த வரியில் இருக்கிறதோ அங்கே விரலை வைக்க வேண்டும். வரி இல்லாவிட்டால் விடையும் இல்லை.

"ஆசிரியருக்குக் கோபம்."

"எந்த வரி?"

"வரியில இல்லை. ஆனா கோபம்தான், தெரியுதில்ல."

"எந்த வரியில எழுதியிருக்கு?"

என் விரல் தாள் முழுக்க அலைந்துவிட்டு வெறுமனே திரும்பி வரும். இப்படிப் பல சனிக்கிழமைகள். எங்கள் பேச்சுக்கு நடுவே கூட்ஸ் வண்டி போகும்போது அவள் பேச்சை நிறுத்துவாள், ஆனால் என் விரலை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்த வீட்டில் எனக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. முதல் நாள் அவளுடைய அம்மா, "டீ குடிக்கிறியாம்மா?" என்றார். "இருக்கட்டுங்க ஆன்ட்டி" என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டார். இரண்டாம் தடவை கேட்பார், அப்போதும் மறுத்துவிட்டு மூன்றாம் தடவை வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் துணி மடிக்கப் போய்விட்டார். எத்தனையோ சனிக்கிழமைகள் தொண்டை காய்ந்து தேனீயையும் திமிங்கலத்தையும் படித்தேன். கடைசியில் ஒரு நாள் தாங்க முடியாமல், "வேணுங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டேன். காது மடலெல்லாம் சுட்டது. அவர் சாதாரணமாகப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்குப் போட்ட பத்தியில் எல்லா விடையும் சரியாக வந்தது. டீயும் பத்தியும் ஒரே சங்கதிதான் என்பது எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

இப்படி நான் தேறிக்கொண்டிருந்த நேரத்தில்தான், எங்கள் வீட்டுக்கு என் மாமா அடிக்கடி வர ஆரம்பித்தார். அம்மாவின் அண்ணன். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்தார். அவருக்கு ஒரே பையன், எனக்கு முறை. என்னைக் கேட்டுத்தான் வந்துகொண்டிருந்தார்.

பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல மாதிரி. என்னைக் கண்டால் ஓடிப்போய்க் காரைத் துடைப்பான். ஆனால் கல்யாணம் என்றால் பெங்களூர் இல்லை, அவ்வளவுதான். நான் காங்கேயத்தில் கொப்பரை காயும் களத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மாமா முதல் தடவை வந்து கேட்டபோது அப்பா, "அதுக்கென்னங்க மச்சான், பண்ணிப்போடலாமுங்க" என்றார். இலை விழுந்தது. நான் உள்ளுக்குள் குதித்தேன். அடுத்த தடவை அம்மா சந்தகை பிழிந்தாள். அதற்கடுத்த தடவை ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளி, அதன் மேல் ஒரு கரண்டி நெய். எந்த மனிதரும் எங்கள் வீட்டில் இவ்வளவு பலமாக மறுக்கப்பட்டதில்லை. மாமாவோ ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டு, "அப்ப நாள் பாத்துப்போடலாமுங்க மாப்பிள்ளை" என்று கிளம்பினார். எங்கள் வழக்கம் தெரியாதவரா அவர்? அவர் வீட்டிலும் இதே வழக்கம்தான். அதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில் அவருக்கு லாபம் இல்லை, அவ்வளவுதான். அப்பாவின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் எப்படிக் கையெழுத்து வாங்கினேனோ, அதே வேலையை அவரும் செய்துகொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. எனக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு தோழி வேண்டியிருந்தது. இந்த மனிதர் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறார்.

தேர்வு மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில்தான் எழுத வேண்டும். இரண்டு டிக்கெட், எனக்கும் அப்பாவுக்கும், எடுத்தாகிவிட்டது. அதற்கு முந்தைய வாரம் ஒரு நாள் காலையில் மாமாவின் கார் வந்து நின்றது. ஒரு கூடை மாம்பழத்தோடு இறங்கினார்.

"நாளு பாத்தாச்சுங்க மாப்பிள்ளை" என்றார் உட்காரும்போதே. "வார ஞாயித்துக்கெழமை. அன்னைக்கே உப்புச்சக்கரை மாத்திக்கலாமுங்க."

உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் எங்கள் பக்கத்தில் கல்யாணம் உறுதியான மாதிரி. அதற்குப் பிறகு பின்வாங்கினால் இரண்டு குடும்பமும் ஒருவர் மூஞ்சியில் ஒருவர் முழிக்க முடியாது. நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் ஐந்து வருஷமும் அந்த அறையில் அப்பாவின் வாயில் இருந்தது. அந்த வாய் எப்படிப்பட்டது என்பதோ எனக்குத் தெரியும்.

அப்பா தொண்டையைச் செருமினார். "அதுக்கென்னங்க மச்சான்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "அம்மணி, அண்ணனுக்கு எலை போடு" என்றார்.

அம்மா அன்றைக்கு என்ன வேகத்தில் ஒப்புட்டு தட்டினாள் என்பதை டுடோரியல் மாஸ்டர் பார்த்திருக்க வேண்டும். ஒன்று வைத்தாள். மாமா சாப்பிட்டார். "இன்னொண்ணு வெய்யி அம்மணி" என்றார் அப்பா. மாமா அதையும் சாப்பிட்டார். "நெய்யி ஊத்து." ஊற்றினாள். "இன்னொண்ணு." மாமா நிமிர்ந்து பார்த்து, "இருக்கட்டுங்க மாப்பிள்ளை" என்று கையைக் குறுக்கே நீட்டினார். அந்தக் கைக்கு மேலேயே அப்பா எடுத்துப் போட்டார். மாமா அதையும் சாப்பிட்டார். இரண்டு பேருக்கும் வேர்த்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இப்படியொரு சண்டையை நான் கோர்ட்டில்கூடப் பார்த்ததில்லை.

"இன்னொண்ணு கொண்டா அம்மணி" என்றார் அப்பா மறுபடியும்.

அம்மா கதவுக்கு வந்து நின்றாள். "தீந்துபோச்சுங்க" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். பேசுவதற்கு இனி அவரிடம் எதுவும் மிச்சமில்லை.  

"முடியாதுங்க மச்சான்" என்றார் அப்பா.

மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, கடினமான பெயர் ஒன்றைச் சரியாக உச்சரித்தோமா என்று யோசிப்பவரைப் போல ஒரு நிமிஷம் இருந்தார். பிறகு, "புள்ளைக்கு அன்னைக்குப் பரீட்சைங்க. நான் கூட்டிட்டுப் போறனுங்க" என்றார்.

மாமா இலையை மடித்தார். எழுந்து போய்க் கை கழுவினார். துண்டில் கை துடைத்துக்கொண்டே, "இதை வந்ததுமே சொல்லியிருந்தா மூணு ஒப்புட்டு கம்மியாத் தின்னிருப்பனுங்க மாப்பிள்ளை" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் சிறுத்துப் போயிருந்தது. ஒரு கேலியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வாசலைத் தாண்டப் பார்த்தார் என்பது எனக்கே தெரிந்தது. "போயிட்டு வாரனுங்க" என்று எல்லாரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டார். என்னிடமும் சொன்னார். கார் கிளம்பியது.

அம்மா அண்ணனுக்காக அடுப்படியில் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பாத்திரம் தேய்க்கப் போனாள். அப்பா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் எனக்காக இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார், பெங்களூர் என்றால் அவருக்கும் ஆசைதான், நான்தான் ஐஸ்கிரீமைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று ஒரு பெரிய கதையை அந்த ஒரு நிமிஷத்தில் கட்டி முடித்துவிட்டேன். பல சனிக்கிழமை உழைப்பெல்லாம் போயே போயிற்று.

"நான் பெங்களூர் போறதுல உங்களுக்குச் சந்தோஷங்களாப்பா?" என்றேன்.

அப்பா சொம்பைக் கீழே வைத்தார்.

"இல்லை கண்ணு" என்றார். "உனக்கும் வேண்டாம்னு சொல்லோணும்னுதான் இருந்தேன். இங்கேயே பக்கத்துல ஒரு காலேஜுல படிச்சுட்டு, கண்ணு முன்னால நீ இருப்பீன்னு பாத்தேன். ஒங்க மாமனுக்கும் சொல்லோணும், உனக்கும் சொல்லோணும். ரெண்டு பேருக்கும் சொல்றதுக்கு எனக்குத் தெம்பில்லை கண்ணு. ஒருத்தருக்குச் சொல்லியாச்சு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, வெளியே போய் மாமா கொண்டுவந்த மாம்பழக் கூடையைத் தூக்கி உள்ளே வைத்தார். நான் அங்கேயே நின்று அழுதேன். அவர் சொன்னதில் எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.